தொட வைக்கும் மின்சாரம்

தொண்டிக்குத் தெற்கே, கோட்டக்கரையாறு பாக் விரிகுடாவில் சேருகிற இடத்தில் காரங்காடு இருக்கிறது. அங்குள்ள அலையாத்திக் காட்டைப் பார்க்க வருகிறவர்களை வனத்துறையோடு சேர்ந்து ஊர் மக்களே படகிலும் கயாக்கிலும் கூட்டிப்போகிறார்கள். இருவர் உட்காரும் கயாக்கில் முன்னால் இருப்பவருக்குப் பின்னால் இருப்பவரின் முகம் தெரியாது. ஆனால் அவர் எப்போது துடுப்புப் போட்டார், எந்தப் பக்கம் போட்டார், சலித்துப்போய் விட்டுவிட்டாரா என்பதெல்லாம் படகின் அசைவு வழியாக முதுகுக்கும் இடுப்புக்கும் வந்து சேர்ந்துவிடும். இராமநாதபுரம் கரையில் கரைவலை இழுப்பவர்களுக்கு இது புதிதல்ல. ஒரே கயிற்றைப் பிடித்து நிற்பவர்களில் யார் இழுக்கிறார், யார் இழுப்பதுபோல் நிற்கிறார் என்று கயிறே சொல்லிவிடும். அம்பாப் பாட்டு அந்த இழுப்புகளை ஒரே நேரத்தில் விழ வைக்கும். தோலும் தோலும் படாமலே ஓர் உடம்பு இன்னோர் உடம்பை அறிகிற இந்த வழியை ஆய்வகத்திலும் அளந்திருக்கிறார்கள். கௌரிசங்கர் கணேஷும் உடன் ஆய்வாளர்களும் 2014இல் வெளியிட்ட ஆய்வில், இரண்டு பேர் ஆளுக்கொரு எந்திரக் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு திரையில் நகரும் புள்ளியைத் துரத்தினார்கள். அவ்வப்போது அந்த இரண்டு கைப்பிடிகளும், கண்ணுக்குத் தெரியாத ரப்பர் பட்டையால் கட்டியதுபோல், கணினி வழியாக இணைக்கப்பட்டன. இணைந்திருந்தபோது இருவருமே மேலாகச் செய்தார்கள். கூட்டாளி தன்னைவிடத் திறமை குறைந்தவராக இருந்தபோதும் முன்னேற்றம் இருந்தது. இன்றைய கருவிகள் இதையும் தாண்டிவிட்டன. கைப்பிடி தேவையில்லை, தசையையே மின்சாரத்தால் அசைத்துவிடலாம். அப்படிப்பட்ட கருவிகளைக் கொண்டு, மனிதர் ஒருவரையொருவர் தொட்டு விளையாடும் விளையாட்டுகளை வடிவமைக்கலாமா, வடிவமைத்தால் கருவிக்கு அதில் என்ன இடம் என்பதே இந்த அத்தியாயத்தின் கேள்வி. கருவி கயாக்காக இருக்கலாம், கயிறாக இருக்கலாம். தொடுபவராக மட்டும் இருக்கக் கூடாது என்பது என் வாதம்.

வெளியிலிருந்து வரும் மின்சாரத்தால் தசையை ஆட்டிவைப்பது மனிதரின் கண்டுபிடிப்பு அல்ல. நம் கடலில் வலையில் ஏறும் மின்திருக்கையை வெறுங்கையால் எடுத்தவருக்குக் கை தன் பேச்சைக் கேட்காமல் வெட்டி இழுப்பது என்னவென்று தெரியும். தென் அமெரிக்க ஆறுகளின் மின்விலாங்கு இதில் இன்னும் தேர்ந்தது. வாண்டர்பில்ட் பல்கலைக்கழகத்தின் கென்னத் கட்டானியா 2014இல் காட்டியதுபோல, அது முதலில் இரண்டு மூன்று துடிப்புகளை மட்டும் அனுப்புகிறது. ஒளிந்திருக்கும் மீனின் உடம்பு தன்னை மீறித் துள்ளி இருக்குமிடத்தைக் காட்டிக்கொடுத்துவிடும். அதன்பின் நொடிக்குச் சுமார் 400 துடிப்புகள் என்ற வேகத்தில் பாய்ச்சி இரையை விறைக்க வைக்கிறது. அந்த மின்சாரம் தசை இழையை நேராகத் தாக்குவதில்லை, தசைக்குக் கட்டளை கொண்டுபோகும் இயக்க நரம்பைத்தான் கிளப்புகிறது என்பது அவருடைய முக்கியமான முடிவு. பிசியோதெரபி நிலையங்களில் முழங்கையிலும் தோளிலும் பட்டை ஒட்டிக் கொடுக்கும் தசைத்தூண்டலும் இதே வழியில்தான் வேலை செய்கிறது. சில நூறு மைக்ரோநொடி நீளமுள்ள துடிப்புகள், நொடிக்கு இருபதிலிருந்து நூறு வரை, தோல் வழியாக நரம்பை எட்டுகின்றன. அளவு குறைவாக இருந்தால் எறும்பு ஊர்வதுபோல் குறுகுறுப்பு மட்டும். ஒரு வரம்பைத் தாண்டினால் தசை சுருங்குகிறது, விரல் மடங்குகிறது. கால்வானி 1791இல் தவளைக் காலைப் பற்றி எழுதியதற்கும் இதற்கும் அடிப்படை ஒன்றே. 1961இல் லிபர்சன் என்ற மருத்துவர் இதைப் பக்கவாதத்தால் பாதம் தொங்கிப்போனவர்களுக்குப் பயன்படுத்தினார். செருப்பின் குதிகாலில் ஒரு சுவிட்ச். நோயாளி குதிகாலைத் தூக்கியதும் நரம்பு தூண்டப்பட்டுப் பாதம் மேலே எழும்பும். கருவி எப்போது வேலை செய்ய வேண்டும் என்பதை நோயாளியின் நடையே தீர்மானித்தது. பிற்காலத்து வடிவமைப்புகள் பலவற்றில் இந்த நிதானம் இல்லை.

இந்தத் தொழில்நுட்பத்துக்கு உடம்பிலேயே ஒரு வரம்பு உண்டு. நாமாக ஒரு கையை மெல்ல அசைக்கும்போது மூளை முதலில் சிறிய நரம்பு அலகுகளை எழுப்பி, தேவைக்கு ஏற்பப் பெரியவற்றைச் சேர்த்துக்கொள்கிறது. அதனால்தான் அசைவு வழுக்கிக்கொண்டு வருகிறது. வெளியிலிருந்து வரும் மின்சாரத்துக்கு அந்தப் பொறுமை கிடையாது. பட்டைக்கு அருகில் கிடைத்த நரம்பிழைகளை எல்லாம் ஒரே தாளத்தில் சுண்டிவிடுகிறது. ஆகவே அசைவு வெடுக்கென்று வரும், தசை சீக்கிரம் களைக்கும். முன்கையில் விரல்களை இயக்கும் தசைகள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியிருப்பதால் ஆள்காட்டி விரலை மட்டும் மடக்க நினைத்தால் நடுவிரலும் கூட வரும். தோக்கியோ பல்கலைக்கழகத்தில் எமி தமாகி குழுவினர் 2011இல் காட்டிய ‘பொசெஸ்ட் ஹேண்ட்’ என்ற கருவி விரல்களைத் தனித்தனியாக அசைப்பதற்கு முன்கையைச் சுற்றி 28 பட்டைகளை வைக்க வேண்டியிருந்தது. வியர்வை வேறு. சித்திரை மாதத்தில் பாக் விரிகுடாக் கரையில் கையில் ஒட்டிய பட்டை எவ்வளவு நேரம் நிற்கும் என்பதை யாரும் ஊகிக்கலாம்; வியர்த்த தோலில் மின்சாரம் பாயும் வழியும் மாறிவிடும் என்பதால் காலையில் சரிபார்த்து வைத்த அளவு மதியம் பொருந்தாது. இதிலிருந்து வடிவமைப்பாளர் எடுத்துக்கொள்ள வேண்டிய முடிவு எளிமையானது. வருடுவதற்கு இந்தக் கருவி ஆகாது. மென்மையான வருடலை மட்டும் உணர்வதற்கென்றே மயிர் உள்ள தோலில் ஒரு வகை மெதுவான நரம்புகள் இருக்கின்றன. நொடிக்கு 1 முதல் 10 சென்டிமீட்டர் வேகத்தில் தடவும்போது அவை அதிகம் விழிக்கின்றன, அந்த வேகமே மனிதருக்கு இதமாகவும் இருக்கிறது என்று 2009இல் லோக்கனும் மற்றவர்களும் நிறுவினார்கள். அந்தச் சீரான வேகத்தை வெடுக்கென்று இழுக்கும் மின்சாரத்திடம் கேட்பது வீண். தட்டுதல், குத்துதல், சீண்டுதல், கிச்சுக்கிச்சு மூட்டுதல் ஆகியவைதான் அதற்கு வரும்.

கிச்சுக்கிச்சுவைக் குறைத்து மதிப்பிட வேண்டாம். தொடுதல் விளையாட்டாவது எப்படி என்பதற்கு அதைவிடத் தெளிவான சான்று கிடையாது. நம் வீடுகளில் கைக்குழந்தையின் உள்ளங்கையில் பருப்புக் கடைந்து, விரல் விரலாக மடக்கி வீட்டில் உள்ளவர்களுக்குப் பங்கு கொடுத்து, பிறகு இரண்டு விரல்களை நண்டாக்கிக் கை வழியே மேலே ஏற்றி அக்குளில் போய்ச் சேரும் விளையாட்டு எல்லோருக்கும் தெரியும். ஒரு வயதுகூட நிரம்பாத குழந்தைக்கு நண்டு எங்கே போய் நிற்கும் என்பது நன்றாகத் தெரியும். எப்போது போய் நிற்கும் என்பதுதான் தெரியாது. சிரிப்பு அந்த இடைவெளியில் இருக்கிறது. தன்னைத் தானே கிச்சுக்கிச்சு மூட்டிக்கொள்ள முடியாததற்கும் இதுவே காரணம். இலண்டனில் சாரா ஜெயின் பிளேக்மோர், டேனியல் வோல்பர்ட், கிறிஸ் ஃப்ரித் மூவரும் 1998இல் செய்த மூளைப்பட ஆய்வில், தன் கையால் தன்னைத் தொடும்போது அந்தத் தொடுதலைச் சிறுமூளை முன்கூட்டியே கணித்து, உணர்வை அடக்கிவிடுகிறது என்று தெரிந்தது. அடுத்த ஆண்டு வெளியான ஆய்வில் ஓர் எந்திரத்தை நடுவில் வைத்தார்கள். ஒருவர் இடது கையால் எந்திரத்தை அசைப்பார், அது அவருடைய வலது உள்ளங்கையைத் தொடும். அசைவுக்கும் தொடுதலுக்கும் இடையே 200 மில்லிநொடி வரை தாமதத்தைக் கூட்டக் கூட்டக் கூச்சமும் கூடியது. தன் கையே பிறர் கை ஆவதற்கு ஒரு நொடியில் ஐந்தில் ஒரு பங்கு போதும். ஆனால் எதிர்பாராமை மட்டும் போதாது என்பதற்கு எலிகள் சாட்சி. பெர்லினில் இஷியாமாவும் பிரெக்ட்டும் 2016இல் வெளியிட்ட ஆய்வில், கிச்சுக்கிச்சு மூட்டப்பட்ட எலிகள் நம் காதுக்கு எட்டாத 50 கிலோஹெர்ட்ஸ் ஒலியில் குரல் கொடுத்தன, துள்ளின, கையைத் துரத்தி வந்து மேலும் கேட்டன. அதே எலிகளை உயரமான மேடையில், பிரகாசமான விளக்கின் கீழ் வைத்து அதேபோல் மூட்டியபோது குரல் அடங்கிவிட்டது. தோலில் பட்டது ஒன்றேதான். அச்சம் வந்ததும் அது விளையாட்டாக இல்லாமல் போயிற்று.

தசைத்தூண்டலை விளையாட்டுக்குக் கொண்டுவந்தவர்கள் எதிர்பாராமை, அச்சமின்மை ஆகிய இந்த இரண்டில் முதலாவதை நன்றாகப் பிடித்துக்கொண்டார்கள். ஆஸ்திரேலியாவின் மோனாஷ் பல்கலைக்கழகத்தில் ஃபுளோரியன் முல்லர் நடத்தும் ஆய்வகத்தில் ராகேஷ் பதிபண்டாவும் மற்றவர்களும் வடிவமைத்த கை விளையாட்டுகளில், ஆடுபவர் தன் ஒரு கையைக் கணினிக்குக் கடன் கொடுத்துவிட்டு மற்றக் கையால் அதனோடு மோதுகிறார். எதிரில் இருப்பது தன் கைதான், ஆனால் அது அடுத்து என்ன செய்யும் என்று தனக்கே தெரியாது. பிளேக்மோரின் எந்திரம் செய்ததை இங்கே முன்கைத் தசை செய்கிறது. இது அழகான எண்ணம்தான். தன் உடம்பைத் தானே வேடிக்கை பார்க்கும் விந்தை அனுபவத்தைத் தருகிறது. இருந்தாலும் இதில் இன்னொருவர் இல்லை. சமூகத் தொடுதல் என்று சொல்ல வேண்டுமானால் அந்தப் பக்கம் கூச்சப்படவும் கோபப்படவும் கூடிய ஒருவர் வேண்டும். முல்லரின் ஆய்வகத்திலிருந்து அதற்கு முன்பே வந்த ‘மியூசிக்கல் எம்பிரேஸ்’ இந்தக் கூச்சத்தையே மூலப்பொருளாக எடுத்துக்கொண்டது. தொங்கவிட்ட தலையணை போன்ற கருவியை இருவர் இரு பக்கமும் கட்டியணைத்து, உடம்பால் அழுத்தித் திரையில் வழி கண்டுபிடிக்க வேண்டும். அதில் மின்சாரம் யாருடைய தசையையும் தொடவில்லை. எவ்வளவு நெருங்குவது என்பதை ஒவ்வொரு கணமும் அந்த இருவரே முடிவு செய்தார்கள். விளையாட்டு என்ற வகையில் இதுவே மேலானது என்பது என் தீர்ப்பு, தொழில்நுட்பத்தில் எளிமையானதாக இருந்தாலும்.

அப்படியானால் தசைத்தூண்டலைத் தூக்கிப் போட்டுவிடலாமே என்று கேட்கலாம். அவசரப்பட வேண்டியதில்லை. தன் கை அசைந்தபோது ‘நான்தான் அசைத்தேன்’ என்று மனம் உணர்வது, இருக்கிறது அல்லது இல்லை என்று சொல்லிவிடக்கூடிய ஒன்றல்ல. பேட்ரிக் ஹாகார்டும் கூட்டாளிகளும் 2002இல் காட்டினார்கள்: தானாக ஒரு பொத்தானை அழுத்தி அதனால் ஓர் ஒலி வந்தால் இரண்டுக்கும் இடைப்பட்ட நேரம் சுருங்கியதாக மனம் உணர்கிறது; மூளையை வெளியிலிருந்து காந்தத் துடிப்பால் தூண்டி அதே விரலைத் துடிக்க வைத்தால் இடைவெளி நீண்டதாக உணர்கிறது. செயலைத் தனதென்று ஏற்றால் மனம் அதை விளைவோடு சேர்த்துக் கட்டுகிறது, ஏற்காவிட்டால் விலக்கி வைக்கிறது. இதன் மறுபக்கத்தை 2019இல் கசஹாரா, நிஷிதா, பெட்ரோ லோப்பஸ் மூவரும் பார்த்தார்கள். ஒருவர் தானாகக் கையை அசைக்கப் போகும் தருணத்துக்குச் சற்று முன்னதாக மட்டும் தசையைத் தூண்டினால், எதிர்வினை சுமார் 80 மில்லிநொடி விரைவுபட்டும், ‘நானே செய்தேன்’ என்ற உணர்வு பெருமளவு நிலைத்தது. ஆக, கருவி மனிதரின் நோக்கத்துக்கு ஒட்டி நடந்தால் கை அவருடையதாகவே இருக்கும். விலகி நடந்தால் கை வேறு யாருடையதோ ஆகிவிடும். தொடு விளையாட்டை வடிவமைப்பவர் கையில் எடுக்க வேண்டிய திருகு இதுதான்.

இராமநாதபுரம் மாவட்டத்திலிருந்து வளைகுடா நாடுகளுக்கும் சிங்கப்பூர், மலேசியாவுக்கும் வேலைக்குப் போனவர்கள் ஏராளம். கடலோரக் குடும்பங்களில் அப்பாவின் முகமும் குரலும் கைப்பேசியில் வருகின்றன. நண்டு ஏற்றும் விரல்கள் வருவதில்லை. இங்கே தசைத்தூண்டலுக்கு ஓர் உண்மையான வேலை இருக்கிறது. அப்பா அங்கே தன் முன்கையில் விரல்களை நடத்துகிறார். அந்த நடை துடிப்புகளாக மாறி இங்கே அம்மாவின் முன்கையில் ஒட்டிய பட்டைக்கு வருகிறது. அம்மாவின் விரல்கள் துடித்து நடக்க, அவை குழந்தையின் கையில் ஏறுகின்றன. குழந்தையின் மேல் எந்தக் கம்பியும் பட்டையும் இல்லை, பழகிய கையின் சூடுதான் இருக்கிறது. இரண்டு விரல்கள் தனித்தனியாக நடக்காமல் சேர்ந்தே துடித்தாலும் பாதகமில்லை, நண்டு கொஞ்சம் நொண்டி ஏறும். தொலைதூரத் தொடுதலில் எப்போதும் தொல்லையாகச் சொல்லப்படும் இணையத் தாமதம்கூட இதில் கெடுதல் செய்யாது. எங்கே நிற்கும், எப்போது பாயும் என்று தெரியாத தயக்கம்தானே இந்த விளையாட்டின் உயிர். அம்மாவோ வெறும் கம்பியல்ல. துடிப்பு வந்ததும் அதை மேலே கொண்டுபோவதும், குழந்தை சிணுங்கினால் கையை எடுத்துவிடுவதும் அவர் கையில் இருக்கிறது. சென்னை ஐஐடியில் பேராசிரியர் மணிவண்ணனின் தொடு ஆய்வகம் போன்ற இடங்களில் தொடுதலைக் கருவி வழியாகக் கொண்டுபோகும் ஆராய்ச்சி பல ஆண்டுகளாக நடந்துவருவதால், இதற்கான அறிவைத் தேடி வெளிநாடு போக வேண்டியதில்லை.

மறுப்பு ஒன்று இங்கே வரும். தொடத் தயங்கும் சமூகத்தில், ‘மின்சாரம் தள்ளியது’ என்ற சாக்கு கிடைத்தால் தயக்கம் உடையுமே, அது நல்லதுதானே என்பார்கள். ஆணும் பெண்ணும், அறிமுகம் இல்லாதவர்களும், அரசியலமைப்பின் 17ஆம் பிரிவு தீண்டாமையை ஒழித்த பிறகும் விலகி நிற்கும் சாதிகளும் ஒருவரையொருவர் தொடுவதற்குக் கருவி ஒரு பாலம் ஆகாதா? எனக்கு இதில் நம்பிக்கை இல்லை. தள்ளப்பட்ட கையால் தொட்டவர் யாரையும் தொடவில்லை. ஹாகார்டின் சோதனையில்போலவே அவர் மனம் அந்தச் செயலை விலக்கி வைத்துவிடும். தயக்கம் உடையாது, பொறுப்புதான் கரையும். பேருந்து நெரிசலைச் சாக்காக வைத்து உரசுகிறவர்களைப் பற்றி இந்நாட்டுப் பெண்களுக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. அவர்களுக்குப் புதிதாக ஒரு சாக்கைத் தயாரித்துக் கொடுப்பது வடிவமைப்பு ஆகாது. சடுகுடுவைப் பாருங்கள். பாடிப் போகிறவர் தானே கோட்டைத் தாண்டிப் போக வேண்டும். இன்றைய கபடி விதிப்படி 30 நொடிக்குள், பாட்டை விடாமல், தொட்டுவிட்டுத் தன் பக்கம் திரும்ப வேண்டும். திரும்பாவிட்டால் தொட்டதற்கு மதிப்பில்லை. தொடுவதும் தொடப்படுவதும் இரு பக்கமும் முன்பே ஒப்புக்கொண்ட ஆபத்து. அந்த ஒப்பந்தத்தால்தான் அவ்வளவு முரட்டுத்தனமான தொடுதல்கூட அவமதிப்பாக ஆவதில்லை.

கையிருக்கக் கருவி எதற்கு என்பது இன்னொரு மறுப்பு. பக்கத்தில் கை இருந்தால் எதற்குமே வேண்டாம் என்பதே நேர்மையான பதில். ஒரே திண்ணையில் இருக்கும் இரண்டு பேருக்கு நடுவில் பட்டையும் பேட்டரியும் வைப்பது பெரும்பாலும் காசுக்குக் கேடு. எட்டாத கைக்கும், பக்கவாதத்தால் எழாத கைக்கும்தான் அது தேவைப்படுகிறது. பக்கவாதத்துக்குப் பின் பயிற்சி செய்பவர் தனியாக விரலை மடக்கி நீட்டிக்கொண்டிருப்பதைவிட, பேரனின் உள்ளங்கையில் தட்டுவதற்காக மடக்கி நீட்டினால் அலுப்பாவது குறையும். மருத்துவருடைய மேற்பார்வையில் இதைச் செய்துபார்க்கலாம்.

பாதுகாப்பில் மட்டும் தர்க்கத்துக்கு இடமில்லை. இதயத்தில் பேஸ்மேக்கர் உள்ளவர்கள், வலிப்பு நோய் உள்ளவர்கள், கருவுற்றவர்கள் பட்டை ஒட்டிக்கொள்ளக் கூடாது. மார்பிலும் கழுத்திலும் யாருக்கும் கூடாது. குழந்தைகள் உடம்பில் விளையாட்டுக்காக எங்கேயும் கூடாது. நிறுத்தும் சுவிட்ச் எங்கே இருக்க வேண்டும் என்பது இவற்றைவிடக் குறைவாகப் பேசப்படுகிறது. மின்கம்பியைப் பிடித்தவர் ஏன் விட முடியாமல் தவிக்கிறார் என்பதைக் கலிஃபோர்னியாவின் சார்லஸ் டால்சியல் முன்பே அளந்து சொல்லிவிட்டார். கையை மடக்கும் தசைகள் நீட்டும் தசைகளைவிட வலுவானவை. 60 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் ஆண்களுக்குச் சராசரியாகச் சுமார் 16 மில்லிஆம்பியரிலும், பெண்களுக்குச் சுமார் பத்தரை மில்லிஆம்பியரிலும் பிடித்த கை விடாது. தூண்டப்படும் கையிலேயே நிறுத்தும் பொத்தானைக் கொடுப்பது, பூட்டிய அறைக்குள் சாவியை வைப்பது மாதிரி. ஆகவே சுவிட்ச் காலடியில் இருக்கட்டும், லிபர்சன் வைத்ததுபோல. ஆனால் இங்கே மிதித்துக்கொண்டிருக்கும் வரைதான் மின்சாரம் வரவேண்டும். பயந்து காலை எடுத்தால் நின்றுவிட வேண்டும். இப்படி இரண்டு சுவிட்சுகள் வேண்டும். ஒன்று தூண்டப்படுபவர் காலடியில், மற்றது தொடப்படுபவர் காலடியில். இரண்டும் மிதிபட்டால்தான் விளையாட்டு ஓடும். தொடப்படுவது கைக்குழந்தை என்றால் இரண்டாவது சுவிட்சு அம்மாவுடையதும் அல்ல, அப்பாவுடையதும் அல்ல. பக்கத்தில் இருந்து குழந்தையின் முகத்தை மட்டுமே பார்த்துக்கொண்டிருக்கும் பாட்டியுடையது.

காரங்காட்டுக் கரையிலோ சென்னை ஆய்வகத்திலோ யாராவது இதைச் செய்துபார்க்க முன்வந்தால் ஒரு வேண்டுகோள். எத்தனை பேர் சிரித்தார்கள் என்று மட்டும் எண்ணி அறிக்கை எழுத வேண்டாம்; புதுமைக்கே சிரிப்பு வரும். பட்டைகளைக் கழற்றி, கருவியை அணைத்து, சோதனை முடிந்தது என்று சொன்ன பிறகு அந்த இருவரும் என்ன செய்கிறார்கள் என்று கொஞ்ச நேரம் இருந்து பாருங்கள். வெறுங்கையோடு அதே விளையாட்டைத் தொடர்ந்தால் வடிவமைப்பு தேறியது. ஆளுக்கொரு பக்கம் கைப்பேசியை எடுத்துக்கொண்டு போனால் அதைத் திருத்தி எழுதுங்கள்.